பெட்டி போன பக்கம் ஈ போகவில்லை

ஐயா வரட்டும், அவர் வாயால் சொல்லட்டும், அப்புறம் தூக்கலாம் என்று சொல்லி வேல்பாண்டி வேலியோரம் ஒதுங்கி நின்றான். ஐயா வந்தால் தூக்க விடமாட்டார் என்பது அவனுக்கும் தெரியும், வியாகுலமேரிக்கும் தெரியும். அதனால்தான், தன் புருசன் இன்னாசி புடலங்காய் மூட்டைகளோடு சின்னமனூர் மார்க்கெட்டுக்கு வண்டி ஏறிய கையோடு, தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தவனை அவள் கூப்பிட்டனுப்பியிருந்தாள்.

தூக்க வேண்டியது ஒரு தேனீப் பெட்டி. கொல்லையில் குளியலறைச் சுவரை ஒட்டி, நாலு கால் ஸ்டாண்டின் மேல் இருந்தது. எறும்பு ஏறாமலிருக்க ஒவ்வொரு காலும் ஒரு தண்ணீர்க் கிண்ணத்துக்குள் நின்றது. அந்தக் கிண்ணம் வற்றாமல் பார்த்துக்கொள்கிற மனுசன், வீட்டுக் குடத்தில் தண்ணீர் இருக்கிறதா என்று ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை.

இந்தப் பெட்டியால் அந்தக் குடும்பம் இரண்டாகி மூன்று வாரம் ஆகிறது.

மருமகள் ஜெசிந்தா துணி காயப்போடப் போனபோது ஒரே ஒரு ஈ கொட்டியது. யாருக்கும் கொட்டுவதுதான். சுண்ணாம்பைத் தடவிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். ஆனால் இவளுக்கு உடம்பெல்லாம் தடித்து, முகம் வீங்கி, மூச்சு இழுத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுத்தான் பிழைக்க வைத்தார்கள். இந்த உடம்புக்குத் தேனீ விஷம் ஆகாது, இன்னொரு தரம் கொட்டினால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

அன்றைக்கு வியாகுலமேரி இளைய மகளைப் பார்க்கப் போயிருந்தாள். அவள் வந்து பார்க்கும்போது மருமகள் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். கண்ணால் பார்க்காததை வியாகுலமேரி நம்புகிறவள் இல்லை. கோயில் வாசலில் நாலு பொம்பளைகள் கேட்கும்படி, ஒரு ஈ கொட்டினதுக்கு இம்புட்டு நடிப்பா, தனிக்குடித்தனம் போக வழி தேடுறா என்று சொல்லிவிட்டாள். அவள் வீடு வந்து சேர்வதற்கு முன்னால் அந்தப் பேச்சு வீடு வந்து சேர்ந்துவிட்டது. மறுநாளே ஜெசிந்தா மூன்று வயது மகள் அனுஷ்காவைத் தூக்கிக்கொண்டு வடுகபட்டியில் தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

மகன் ரூபன் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப் ஓட்டுகிறவன். ராத்திரி படுக்கை வடுகபட்டி, விடிந்தால் கம்பம் மெட்டு என்று அலைந்து பாதி உடம்பாகிவிட்டான். பெட்டியை எடுங்கள் என்று அப்பனிடம் மூன்று முறை கேட்டான். நாலு வருசத்துக்கு முன்னால் பந்தலில் பூவெல்லாம் பிஞ்சு பிடிக்காமல் உதிர்ந்தபோது எவனும் வந்து நிற்கவில்லை, இந்த ஈதான் வந்து நின்றது என்று இன்னாசி சொன்னார். அவருக்கு மனுசர்கள் மேல் நம்பிக்கை போய் ரொம்ப நாளாகிறது. ஈ மேல் மட்டும்தான் இருந்தது.

நேற்று ரூபன் அம்மாவுக்குப் போன் செய்தான். நாளைக்கு, சனிக்கிழமை மத்தியானம் மூன்று பேரும் சாப்பிட வருகிறோம் என்றான். பெட்டி இல்லையென்றால் தங்குவோம். இருந்தால் பொழுது சாய்வதற்குள் கிளம்பிவிடுவோம், சின்னமனூரில் ஒரு வீடு பார்த்து வைத்திருக்கிறேன். இவ்வளவுதான் சொன்னான். கோபமாகச் சொல்லியிருந்தால் அவள் பயந்திருக்க மாட்டாள். நிதானமாகச் சொன்னான்.

பெட்டியை எடுத்துவிடுவது என்று அவள் ராத்திரியே முடிவு செய்துவிட்டாள். மருமகளின் சீக்கை முழுசாக நம்பித்தான் அந்த முடிவுக்கு வந்தாளா என்றால், இல்லை. பாதி நம்பினாள். மீதிப் பாதிக்குப் பேத்தி இருந்தாள். வெறும் வீட்டில் இரண்டு கிழங்கள் எதிரெதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பிழைப்பு அவளுக்கு அலுத்துப் போயிருந்தது.

“வெயில் ஏறிருச்சும்மா. பாதி ஈ மேய்ச்சலுக்குப் போயிருக்கும்,” என்றான் வேல்பாண்டி.

“போனா போகட்டும். ராணி எங்கன இருக்கோ அங்கன எல்லாம் வந்து சேர்ந்துக்கிரும். உங்க ஐயா சொன்னதுதான்.”

இன்னாசி அப்படிச் சொன்னது உண்மை. ராணி கிளம்பினால் கூட்டமே பின்னால் கிளம்பும் என்று அவர் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தது அவள் காதில் விழுந்திருந்தது. அவர் எதைப் பற்றிச் சொன்னார் என்பது விழவில்லை. போய்க் கேட்டிருக்கலாம். அவர்கள் இருவரும் தேவைக்குக்கூடப் பேசிக்கொள்ளாமல் மூன்று வாரம் ஆகிறது. சோறு வைத்தால் சாப்பிடுவார், வைக்காவிட்டால் தோட்டத்துக்குப் போய்விடுவார்.

வேல்பாண்டி தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, பெட்டியின் வாயில் ஒரு துணியைத் திணித்தான். பெட்டியைத் தூக்கித் தள்ளுவண்டியில் வைத்து, வாய்க்காலைத் தாண்டி, புடலம்பந்தலின் தெற்கு மூலைக்குக் கொண்டுபோனான். வீட்டிலிருந்து ஒரு கூப்பிடு தூரம். இன்னும் தூரமாகக் கொண்டுபோக அவளுக்கு மனசு வரவில்லை. சொந்த நிலத்திலேயே இருந்தால் அந்த மனுசனின் கத்தல் கொஞ்சம் குறையும் என்று கணக்குப் போட்டாள். துணியை எடுத்துவிட்டு வேல்பாண்டி ஓடி வந்துவிட்டான்.

கொல்லையில் அவள் ஸ்டாண்டை அப்புறப்படுத்தினாள். கிண்ணங்களைக் கவிழ்த்தாள். இடத்தைப் பெருக்கி, பினாயில் ஊற்றிக் கழுவிவிட்டாள். ஐந்தாறு ஈ சுற்றிக்கொண்டிருந்தது. மேய்ச்சலுக்குப் போய் வந்ததுகள், தாயைத் தேடிப் போய்விடும் என்று கதவைச் சாத்திக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

அயிரை மீன் வாங்கி வைத்திருந்தாள். ஜெசிந்தாவுக்கு அயிரைக் குழம்பு என்றால் உயிர். அந்த மீனை மண் போக உரசி உரசிக் கழுவுவதற்குள் பாதி நாள் போய்விடும். பதினொரு மணிக்குப் பின்கதவைத் திறந்து பார்க்க நினைத்தாள். குழம்பு கொதி வந்தது. மறந்துவிட்டாள்.

ஜீப் பன்னிரண்டு மணிக்கு வந்தது.

அனுஷ்கா முதலில் குதித்தாள். ஜெசிந்தா உடனே இறங்கவில்லை. முந்தானையைக் காதோடு இழுத்துப் பிடித்துக்கொண்டு கூரை விளிம்பையும் வாசல் மரத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். சொந்த வீட்டுக்குள் நுழைகிற மாதிரி இல்லை. கடிநாய் உள்ள தெருவில் நுழைகிற மாதிரி இருந்தது. அந்தப் பார்வை வியாகுலமேரியை எங்கேயோ குத்தியது.

மன்னிப்புக் கேட்கிற பேச்சு அவளுக்குப் பழக்கமில்லை. அதற்குப் பதிலாக இரண்டு முழம் மல்லிகை வாங்கி ஈரத்துணியில் சுற்றி வைத்திருந்தாள். வாசற்படியிலேயே மருமகளைத் திருப்பி நிறுத்தி, அதைப் பின்னலில் தானே வைத்துவிட்டாள். ஜெசிந்தா குனிந்து காட்டினாள். கோயில் வாசல் பேச்சை இரண்டு பேருமே எடுக்கவில்லை.

“பெட்டியை எடுத்தாச்சு ஆத்தா,” என்றாள் வியாகுலமேரி.

“மாமா சம்மதிச்சாகளா?”

“அவரு சம்மதம் எதுக்கு. வா, வந்து பாரு.”

வேண்டாம் அத்தை, நீங்கள் சொன்னால் போதும் என்றாள் ஜெசிந்தா. அத்தோடு விட்டிருந்தால் இந்தக் கதை வேறு திசையில் போயிருக்கும். ஆனால் வியாகுலமேரிக்குத் தன்னைப்போலத்தான் பிறத்தியாரும். சொல்லைக் கேட்டு நம்பமாட்டார்கள், கண்ணால் பார்த்தால்தான் நம்புவார்கள். சொன்னா போதாது, நீ பார்க்கணும் என்று மருமகளின் மணிக்கட்டைப் பிடித்து வீட்டுக்குள் கூட்டிப்போய், பின்கதவைத் திறந்து, வெளியே இழுத்தாள்.

பெட்டி இல்லை. பெட்டி இருந்த உயரத்தில், பெட்டி இருந்த அளவுக்கு, காற்றில் ஈ மொய்த்துக்கொண்டிருந்தது. வாயிருந்த பக்கத்தில் வந்து வந்து முட்டி, வெறும் காற்றில் இடம் தேடி, திரும்பித் திரும்பி வந்தது. துணிக்கொடிக் கம்பத்தில் ஒரு தேங்காய் பருமனுக்குக் கறுப்பாக அப்பியிருந்தது.

வியாகுலமேரிக்கு முதலில் என்னவென்றே புரியவில்லை. கையில் பிடித்திருந்த கை வெடுக்கென்று உருவிக்கொண்டது. ஜெசிந்தா உள்ளே ஓடத் திரும்பினாள். திரும்பிய வேகத்தில் தட்டுக்கெட்டுப் பறந்த ஒன்று மல்லிகைச் சரத்துக்குள் சிக்கிக்கொண்டது.

அவள் கத்தவில்லை. பிடரியில் கை வைத்தாள். பால் பொங்கிவிட்டது என்று சொல்வதுபோல மெல்லச் சொன்னாள்.

“கொட்டிருச்சு அத்தை.”

வியாகுலமேரி அவளை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினாள். பூவைப் பிய்த்து எறிந்தாள். பிடரியில் கறுப்பாக நின்ற கொடுக்கை நகத்தால் வழித்தெடுத்தாள். அதற்குள் ஜெசிந்தாவின் கழுத்தில் தடிப்பு தடிப்பாக ஏறியது. கன்னம் சிவந்து உப்பியது. கண் இடுங்கியது. கீழுதடு பார்த்துக்கொண்டிருக்கையிலேயே இரண்டு மடங்கானது. எவளும் நடித்து உதட்டை வீங்க வைக்க முடியாது. அது வியாகுலமேரிக்கு அந்த நிமிசத்தில்தான் தெரிந்தது.

ஜெசிந்தா கைப்பையைக் காட்டினாள். அதில் டாக்டர் கொடுத்த மாத்திரை இருந்தது. வியாகுலமேரி பையைத் தலைகீழாகக் கொட்டி, மாத்திரையைப் பிதுக்கி, மருமகள் வாயில் போட்டுத் தண்ணீர் ஊற்றினாள். பாதி தண்ணீர் வெளியே வந்தது. மாத்திரை போனதா என்று தெரியவில்லை. தொண்டையில் விசில் மாதிரி ஒரு சத்தம் கேட்கத் தொடங்கியது.

ரூபன் ஓடி வந்தான். ஏன், எப்படி என்று கேட்கவில்லை. பெண்டாட்டியை அள்ளிக்கொண்டு போய் ஜீப்பில் போட்டான். அனுஷ்காவைப் பக்கத்து வீட்டு ஜெபஷீலாவிடம் கொடுத்துவிட்டு வியாகுலமேரி பின்னால் ஏறிக்கொண்டாள்.

சின்னமனூர் போகிற வரைக்கும் மருமகளின் தலை அவள் மடியில் இருந்தது. மாதாவே மாதாவே என்று வாய் சொல்லிக்கொண்டிருந்தது. மனசு வேறொன்றைச் சொல்லிக்கொண்டிருந்தது. நான்தான் கையைப் பிடித்து இழுத்தேன்.

ஆஸ்பத்திரியில் தொடையில் ஒரு ஊசி போட்டார்கள். குளுக்கோஸ் ஏற்றினார்கள். மூக்கில் மூடி போட்டுக் காற்று கொடுத்தார்கள். கால் மணி நேரம் கழித்து டாக்டர் வெளியே வந்து, சரியான நேரத்துக்குக் கொண்டுவந்தீர்கள், மூச்சு தணிந்திருக்கிறது என்றார். அடங்கியது திரும்பவும் கிளம்பக்கூடும், அதனால் நாளை வரைக்கும் இங்கேயே இருக்கட்டும் என்றும் சொன்னார். கிளம்பினால் என்ன ஆகும் என்று ரூபன் கேட்டான். பார்த்துக்கொள்வோம் என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார்.

அம்மாவும் மகனும் ஒரே பெஞ்சில் இந்த முனையிலும் அந்த முனையிலுமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இன்னும் மூன்று பேர் உட்காரலாம்.

இரண்டு மணிக்கு அவள் போன் அடித்தது. இன்னாசி. மூன்று வாரத்துக்குப் பிறகு அவர் அவளிடம் பேசுகிற முதல் பேச்சு.

“புள்ளைக்கு எப்படி இருக்கு?”

பிழைத்துக்கொண்டாள், ஆனால் நாளை வரை சொல்ல முடியாது என்றாள்.  பிறகு பெட்டியைத் தூக்கியது யார் என்று கேட்டார். நான்தான், வேல்பாண்டியை வைத்து, என்றாள்.

“பட்டப்பகல்லயா?”

“ராணி போன பக்கம் ஈ போகும்னு நீங்கதான சொன்னீக.”

“ராணி பறந்து போனா கூடப் போகும். நீ தூக்கிட்டுப் போனா அதுகளுக்கு எப்படித் தெரியும்? அது இடத்தை மனசுல வச்சிருக்கிற சீவன். மேய்ச்சலுக்குப் போனது பழைய இடத்துக்குத்தான் வரும். உள்ள இருந்ததும் கிளம்பி அங்கனதான் வரும். பொழுது அடைஞ்சு எல்லாம் கூட்டுக்குள்ள ஏறினப்புறம் வாயை அடைச்சு, மூணு நாலு கிலோமீட்டருக்கு அங்கிட்டுக் கொண்டு போகணும். கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்.”

“கேட்டிருந்தா எடுக்க விட்டிருப்பீகளா?”

 இன்னாசி போனை வைத்துவிட்டார். அவருக்கும் அந்தக் கேள்விக்குப் பதில் தெரியும் என்பதால்தான் வைத்தார்.

ரூபன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். போன் பைக்குள் போனதும் திரும்பினான்.

“அவளைக் கொல்லைக்குக் கூட்டிட்டுப் போனது யாரு?”

“நான்தான்.”

“வரமாட்டேன்னு சொன்னாளா?”

“சொன்னா.”

“பூவும் நீதான வச்சு விட்ட.”

அவள் மகனைப் பார்த்தாள். அவன் கேள்வி எந்தப் பக்கம் போகிறது என்று அப்போதுதான் உறைத்தது. 

“ஏலே, என்னலே கேக்குற?”

“ஒண்ணும் கேக்கல. நடிப்புன்னு சொன்ன. இன்னைக்கு நேர்ல பாத்துட்ட. அம்புட்டுத்தான்.”

சோதித்துப் பார்த்தாயா என்று அவன் வாய்விட்டுக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இல்லை என்று கத்தியிருக்கலாம், மாரில் அடித்துக்கொண்டு அழுதிருக்கலாம், அவன் கன்னத்தில் ஒன்று விட்டிருக்கலாம். கேட்காத கேள்விக்கு என்ன பதில் சொல்வது? பத்து மாசம் சுமந்து பெற்றவனிடம், நான் அப்படிப்பட்டவள் இல்லை என்று சாட்சி வைத்து நிரூபிக்க வேண்டிய நிலை. சாட்சிக்கு வேல்பாண்டியைக் கூப்பிடலாம். பாதி ஈ மேய்ச்சலுக்குப் போயிருக்கும் என்று சொன்னேனே அம்மா என்பான். அதுவும் அவளுக்கு எதிராகத்தான் நிற்கும்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு நர்ஸ் வந்து, பேஷண்ட் மாமியாரைக் கூப்பிடுகிறாள் என்றாள். ரூபன் எழுந்தான். உங்களை இல்லை, அவர்களை மட்டும் என்றாள்.

ஜெசிந்தாவின் முகம் பாதிக்குப் பாதி வடிந்திருந்தது. கண் திறந்திருந்தது. மூடியைக் கழற்றிக் கன்னத்தில் ஒதுக்கி வைத்திருந்தாள். வியாகுலமேரி கட்டில் பக்கத்தில் நின்றாள். உட்காரலாமா என்று தெரியவில்லை. சொந்த மருமகளிடம் அனுமதி கேட்கிற நிலையில் அவள் அதுவரை நின்றதில்லை.

பாப்பா எங்கே என்று ஜெசிந்தா கேட்டாள். ஜெபஷீலாவிடம் விட்டேன், இப்போது தாத்தா கூட்டிக்கொண்டு வந்து வைத்திருக்கிறார், சாப்பிட்டுவிட்டாள் என்றாள் வியாகுலமேரி. அயிரைக் குழம்பா என்று கேட்டாள். ஆமாம் என்றாள். அதற்குச் சிரிக்க இரண்டு பேருக்கும் தெம்பில்லை.

“அத்தை, ஒண்ணு கேக்கட்டா? மறைக்காமச் சொல்லுவீகளா?”

“கேளு.”

“நெசமான்னு பாக்கணும்னு இழுத்துட்டுப் போனீகளா?”

மகன் கேட்காததை மருமகள் கேட்டுவிட்டாள். வியாகுலமேரிக்கு அதில் ஒரு நிம்மதிகூட வந்தது. பொய் சொல்லவும் தோன்றவில்லை.

“இல்ல ஆத்தா. உன் சீக்கை நான் பாதிதான் நம்பியிருந்தேன், அது நெசம். ஆனா ஈ அங்கன இருக்கும்னு தெரிஞ்சிருந்தா உன்னைக் கூட்டிட்டுப் போயிருக்க மாட்டேன். இது என் புள்ளை மேல சத்தியம்.”

ஜெசிந்தா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூச்சு ஏறி இறங்கியது.

“நம்புறேன் அத்தை. பூ வாடாம ஈரத்துணியில சுத்தி வச்சிருந்தீக. அதை வச்சு நம்புறேன்.” மூடியைக் கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். “ஆனா அந்த வீட்டுல வந்து படுத்தா எனக்குக் கண்ணு மூடாது. பெட்டியை எடுத்துட்டோம்னு நீங்க இன்னொரு தரம் சொன்னாலும் என் உடம்பு நம்பாது. நான் என்ன செய்யட்டும்?”

 வியாகுலமேரி போர்வையை இழுத்துவிட்டாள். மூடியை எடுத்து அவள் மூக்கில் பொருத்திவிட்டு வெளியே வந்தாள்.

என்ன சொன்னாள் என்று ரூபன் கேட்டான். சொன்னதைச் சொன்னாள், ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல். நம்புகிறேன் என்று சொன்னதையும் சொன்னாள். அவன் தலையை ஆட்டிக்கொண்டான். அவன் நம்பினானா என்று முகத்தில் தெரியவில்லை.

விளக்கு வைக்கிற நேரத்துக்குப் போன் மறுபடி அடித்தது. ஸ்பீக்கரில் போடு என்றான் ரூபன். போட்டாள்.

பழைய இடத்தில் ஒரு காலிப் பெட்டியை வைத்து, தெற்கு மூலைப் பெட்டியிலிருந்து ஒரு தேனடையை எடுத்து அதற்குள் வைத்தாராம் இன்னாசி. மத்தியானத்திலிருந்து கூடவே உட்கார்ந்திருந்தாராம். வெளிச்சம் மங்க மங்க எல்லாம் ஏறிவிட்டது. அந்தப் பெட்டியின் வாயையும் மற்றப் பெட்டியின் வாயையும் அடைத்து, இரண்டையும் வாசலில் கொண்டுவந்து வைத்திருக்கிறார்.

“ஒரு ஈ வெளிய கிடையாது. கம்பம், சுவரு, கொடி எல்லாம் லைட் அடிச்சுப் பாத்துட்டேன். கடமலைக்குண்டுல தோப்பு வச்சிருக்கிற ஒருத்தர்கிட்டப் பேசியாச்சு. விடிய முன்ன வண்டியில ஏத்தி விட்டுர்றேன். அம்புட்டுத் தூரம் போனா திரும்பாது. மருமகள்ட்டச் சொல்லு.”

அந்த மனுசன் இவ்வளவு இறங்கிப் பேசி அவள் கேட்டதில்லை. நாலு வருசமாகப் பிள்ளையைப்போல வைத்திருந்ததை, ஒரு சொல் குறை சொல்லாமல், தூக்கிக் கொடுக்கிறேன் என்கிறார்.  சரிங்க என்று சொல்ல வாயெடுத்தாள்.

“அனுப்புவாரு,” என்றான் ரூபன், அவளைப் பார்த்து, போனுக்குக் கேட்கிற மாதிரி. “அடுத்த பூவுல பிஞ்சு பிடிக்கலைன்னா திரும்பக் கொண்டாந்து வைப்பாரு. இந்த வீட்டுல யாரு பேச்சை நம்புறது?”



வியாகுலமேரி மகனின் முகத்தைப் பார்த்தாள். மூக்கில் மூடியோடு உள்ளே கிடக்கிறவள் நம்பிவிட்டாள். இவன் நம்பவில்லை. என்ன செய்தால் நம்புவான்? நெஞ்சைக் கிழித்துக் காட்டினால்தான் நம்புவானா? அவளிடம் கிழித்துக் காட்ட ஒன்றுமில்லை. அந்தக் கிழவனிடம்தான் இருந்தது.

“ரெண்டு பெட்டியையும் கொளுத்திருங்க,” என்றாள் போனில்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே கேட்டது. ரூபன் வேண்டாம் என்பான் என்று காத்திருந்தாள். அவ்வளவு தூரம் போக வேண்டாம்மா, அனுப்பினால் போதும் என்று ஒரு வார்த்தை. அவன் எழுந்து, டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை எடுத்துக்கொண்டு, மருந்து வாங்கப் படியிறங்கிப் போய்விட்டான்.

 இன்னாசி திட்டுவார் என்று நினைத்தாள். நீ மனுசியா என்று கேட்பார் என்று நினைத்தாள். கேட்டிருந்தால் அவளுக்கும் சொன்னதைத் திருப்பி விழுங்க ஒரு வழி கிடைத்திருக்கும்.

“தீப்பெட்டியை எங்கன வச்சிருக்க?” என்று கேட்டார்.

நாற்பது வருசம் குடித்தனம் பண்ணிய வீட்டில் தீப்பெட்டி எங்கே இருக்கிறது என்று தெரியாத மனுசன். அடுப்பு மேடையில், உப்புச் சாடிக்குப் பின்னால் என்று அவள் வாய் தானாகச் சொன்னது.

அவர் போனை அணைக்கவில்லை. எங்கேயோ வைத்துவிட்டுப் போனார். செருப்புச் சத்தம் கேட்டது. சாடியை நகர்த்துகிற சத்தம் கேட்டது. குச்சி இருக்கிறதா என்று தீப்பெட்டியை ஆட்டிப் பார்க்கிற சத்தம் கேட்டது. பிறகு வாசல் பக்கமிருந்து, தூரத்தில், அனுஷ்காவின் குரல்.

“எதுக்குத் தாத்தா தீப்பெட்டி?”

வியாகுலமேரி போனைக் காதோடு வைத்து அழுத்திக்கொண்டாள். இந்தாங்க, கேளுங்க, வேண்டாம் என்று கூப்பிட்டுப் பார்த்தாள். போனுக்குப் பக்கத்தில் யாரும் இல்லை.